63ஆம் படிவம்: குழந்தை மனநல ஆய்வில் இளநிலை மாணவர்களின் இடம்

ஒரு மார்ச் மாதப் பிற்பகலில், உளவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் 112 படிவங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு பள்ளியிலிருந்து கல்லூரிக்குத் திரும்பினார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நிரப்பிய படிவங்கள். இரண்டு வகுப்புகளையும் சத்துணவுக் கூடத்தின் தரையில் உட்காரவைத்து, 40 நிமிடப் பாடவேளைக்குள் வேலை முடிந்துவிட்டது. ஐந்து நாள் கழித்து விடைகளைக் கணினியில் ஏற்றும்போதுதான் 63ஆம் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தது: "அக்கா நாளைக்கும் வருவீங்களா, ஒண்ணு சொல்லணும்."

படிவத்தில் பெயர் இல்லை. பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்தான். அந்த ஆய்வுக்கு வழிகாட்டி நான்.

பிள்ளைகள் அந்த மாணவியை 'மிஸ்' என்று கூப்பிடவில்லை, 'அக்கா' என்றார்கள். வயதில் ஐந்தாறு ஆண்டே மூத்தவர், கையில் வருகைப் பதிவேடு இல்லை, குரலை உயர்த்தவில்லை. இவரிடம் சொல்லலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றியது இயல்பு. அந்த அக்கா மறுநாள் வரப்போவதில்லை என்பது அதற்குத் தெரியாது.

கட்டுரையின் கேள்வி

இளநிலை மாணவர்கள் குழந்தை மனநல ஆய்வில் பயிற்சி பெற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெறுவதற்கு நெடுங்காலம் வழக்கமாக இருந்த பாதை நீளமானது: இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற எம்.ஃபில். 2. அந்த 7 ஆண்டுகளின் முதல் பகுதியிலேயே ஆய்வின் வாசனை பட்டால்தான் ஆர்வம் பிடிக்கும். நான் கேட்க விரும்புவது வேறு. ஓர் ஆய்வு என்பது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி: வாசிப்பு, கருவியைத் தேர்தல், மொழியாக்கம், ஒப்புதல் பெறுதல், குழந்தையைச் சந்தித்தல், குறியீடு செய்தல், கணக்கு, எழுத்து. இதில் எந்தக் கண்ணியில் அந்த 19, 20 வயதுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம்? நடைமுறையில், எல்லாவற்றிலும் கடினமான கண்ணியில், எல்லோருக்கும் முதலாக நிறுத்துகிறோம் என்பதே என் வாதம். அதற்கான சான்றுகளையும் எதிர்ச்சான்றுகளையும் கீழே எடைபோடுகிறேன்.

'டேட்டா எடுப்பது'

உளவியல் துறைகளில் பிப்ரவரி, மார்ச்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் "டேட்டா எடுத்தாச்சா?" என்பது. கிணற்றில் நீர் எடுப்பதுபோல, அது அங்கே தயாராக இருக்கிறது, போய் எடுத்துவர வேண்டியதுதான் என்ற எண்ணம் அந்த வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. 'ஸ்கேல்' கிடைத்தாயிற்று, 'சாம்பிள்' 100க்குக் குறையக் கூடாது, ஏப்ரலில் 'வைவா'. இடையில் பள்ளித் தேர்வுகள் வந்துவிடும். ஆகவே ஒரே நாளில் ஒரே பள்ளியில் முடித்துவிடுவது.

பயிற்சிக்கான அழுத்தமும் கூடியிருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. ஒரு வழிகாட்டியின்கீழ் 2 மாதத்தில் ஒரு சிறு ஆய்வு. உளவியல் மாணவர்களுக்கு அப்படி நாடு தழுவிய மரபு எதுவும் வேரூன்றவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த பாடத்திட்டச் சட்டகம் இளநிலையிலேயே களப்பயிற்சியையும், நான்காம் ஆண்டுக்குச் செல்பவர்களுக்கு ஆய்வேட்டையும் மதிப்பெண் அலகுகளாக்கியது. அலகு வந்ததும் சான்றிதழ் தேவைப்பட்டது. இரண்டு வாரம், நான்கு வாரம் என்று 'இன்டர்ன்ஷிப்' வழங்கும் இடங்கள் பெருகின. சில இடங்களில் மாணவரே பணம் கட்டிச் சேர்கிறார். குழந்தை நல மையம், சிறப்புப் பள்ளி, இல்லம் போன்றவைதான் இவர்கள் முதலில் போகும் இடங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளை அணுகுவது எளிது என்பது இதற்கு ஒரு காரணம். குழந்தை 'முடியாது' என்று சொல்லாது.

இத்தகைய பயிற்சியால் என்ன நன்மை என்று இதுவரை அறிந்ததையும் பார்க்க வேண்டும். இளநிலை ஆய்வுப் பயிற்சி பற்றிய இலக்கியம் பெரும்பாலும் அமெரிக்க அறிவியல் துறைகளைச் சார்ந்தது. மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை வளர்கிறது, மேற்படிப்பில் நாட்டம் கூடுகிறது என்று அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் மார்சியா லின்னும் சக ஆய்வாளர்களும் 2015இல் 'சயன்ஸ்' இதழில் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை நம்பியிருந்தன. ஆய்வுத் திறனோ புரிதலோ கூடியதா என்று நேரடியாக அளந்தவை நான்கே. அந்த இலக்கியத்தின் குவியம் முழுக்க மாணவர்மேல் இருக்கிறது. வேதியியல் கூடத்தில் மாணவர் பிழை செய்தால் குடுவை உடையும். நம் துறையில் குடுவையின் இடத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. குழந்தையின் பக்கமிருந்து இந்தப் பயிற்சியைப் பார்த்த ஆய்வு அரிது.

எண்கள் ஏன் இப்படி விலகுகின்றன

இந்தியக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு மனநலக் கோளாறு? தென்னிந்தியாவிலும் மேற்குக் கரையிலும் கவனமாகச் செய்யப்பட்ட மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் ஹேக்கெட் குழுவினர் செய்து 1999இல் வெளியிட்டது 9.4% என்றது. பெங்களூரில் 16 வயதுவரை உள்ளவர்களைப் பற்றி ஷோபா ஸ்ரீநாத் குழுவினர் 2005இல் வெளியிட்டது 12.5%. கோவாவில் 12 முதல் 16 வயதுவரை 2,048 பேரைப் பற்றிப் பிள்ளை, படேல் குழுவினர் 2008இல் வெளியிட்டது வெறும் 1.81%. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16, 13 முதல் 17 வயதினரிடையே 7.3% என்று சொன்னது.

ஏழு மடங்கு வேறுபாட்டை வயது வேறுபாடு மட்டும் விளக்காது. கோவா ஆய்வாளர்கள் குடும்ப உறவும் மரபான வாழ்முறையும் காப்பாக இருப்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் கருதினார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கருவி மாறுகிறது, 'கோளாறு' என்று சொல்ல எவ்வளவு பாதிப்பு வேண்டும் என்ற வரம்பு மாறுகிறது, தகவல் சொன்னவர் தாயா பிள்ளையா என்பது மாறுகிறது. கேட்டவரும் மாறுகிறார். கடைசிக் காரணத்துக்கு ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாக்கியத்துக்குமேல் இடம் கிடைப்பதில்லை.

இதைவிடச் சொல்லும்படியான இன்னொரு வேறுபாடு உண்டு. மல்ஹோத்ராவும் பத்ராவும் 2014இல் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, வீடு வீடாகச் சென்றவற்றில் 6.46% என்றும், பள்ளிகளில் நடந்தவற்றில் 23.33% என்றும் வந்தது. ஒரே நாட்டுப் பிள்ளைகள்தான். பள்ளிக்குள் நுழைந்ததும் கோளாறு ஏறத்தாழ நான்கு மடங்காவது எப்படி?

ஒரு சிறு கணக்கு இதில் கொஞ்சம் வெளிச்சம் காட்டும். 1,000 பிள்ளைகளில் 70 பேருக்கு உண்மையிலேயே சிக்கல் இருப்பதாகக் கொள்வோம். நம் கையில் உள்ள கேள்வித்தாள், சிக்கல் உள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். நல்ல கருவிதான். அது 70 பேரில் 56 பேரைப் பிடிக்கும். மீதி 930 பேரில் 186 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக 242 பேர், அதாவது 24%. பிடிபட்ட நால்வரில் மூவருக்குக் கோளாறு இல்லை. பள்ளி ஆய்வுகள் அனைத்தும் இப்படித்தான் ஊதிப்போயின என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சல்லடையில் நின்றதையெல்லாம் கல் என்று எண்ணினால் எவ்வளவு தூரம் தவறும் என்பது தெரியும். மாணவர் ஆய்வேடுகளில் "இத்தனை விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு உள்ளது" என்று எழுதும் கை பெரும்பாலும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறது. சல்லடைக்கு அடுத்த படியான மருத்துவ நேர்காணல் அந்த ஆய்வுகளில் இல்லை. இருக்கவும் முடியாது, அதைச் செய்யும் தகுதி மாணவருக்கு இல்லை. ஆய்வேட்டோடு போனால் கேடில்லை. தலைமையாசிரியரிடம் அந்த விழுக்காட்டைச் சொல்லி, அவர் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "உங்களில் பாதிப் பேருக்கு மனசு சரியில்லையாம்" என்று சொல்லக் கேட்டவள் நான்.

"அப்படின்னா என்னக்கா?"

இளநிலை மாணவர்கள் அதிகம் கையாளும் கருவிகளில் ஒன்று, பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட 'பலங்களும் இடர்ப்பாடுகளும்' வினாநிரல். 25 கூற்றுகள், உணர்ச்சி, நடத்தை, அமைதியின்மை, சக பிள்ளைகளோடு உறவு, பிறர்க்கு உதவும் இயல்பு என ஐந்து ஐந்தாகப் பிரியும். பெற்றோர், ஆசிரியர் நிரப்பும் வடிவங்கள் உண்டு. 11 வயது முதல் பிள்ளைகளே நிரப்பும் வடிவமும் உண்டு. தமிழிலும் கிடைக்கிறது. ஒரே பக்கம், கட்டணம் இல்லை. மாணவர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை.

அனுமதியின்றி இதன் சொற்களை மாற்றக் கூடாது என்பது விதி. தாளில் யாரும் மாற்றுவதும் இல்லை. மாற்றம் வாயில் நடக்கிறது. ஒரு பிள்ளை தலையைத் தூக்கி "அப்படின்னா என்னக்கா?" என்று கேட்கும். ஒரு மாணவி "பரீட்சைய நெனச்சா பயமா இருக்கும்ல, அதுதான் கவலை" என்பார். அடுத்த வரிசையில் நிற்கும் மாணவர் "வீட்டுல பிரச்சனைன்னா மனசு கஷ்டமா இருக்கும்ல" என்பார். இரு வரிசைகளிலும் இப்போது இரண்டு வேறு கேள்விகள். தேர்வுக்கு முந்திய மாதத்தில் முதல் வரிசை முழுக்கக் 'கவலை'யில் குறியிடும். இதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது. கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் நிற்பது எப்படி என்று யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. "உனக்கு என்ன தோணுதோ அப்படி எடுத்துக்கோ" என்ற ஒரு வாக்கியத்தை எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வதற்கே ஒரு வாரப் பயிற்சி தேவை.

சொற்களின் சிக்கல் இன்னும் ஆழமானது. செய்தித்தாளில் 'மன அழுத்தம்' என்ற சொல் ஒருநாள் வேலைப்பளுவையும் மறுநாள் தற்கொலைக்கு இட்டுச்செல்லும் நோயையும் குறிக்கிறது. பாடநூல் இரண்டாவதற்கு 'மனச்சோர்வு' என்கிறது. பிள்ளைகளின் வாயில் இரண்டும் இல்லை. "ஒரு மாதிரியா இருக்கு", "கடுப்பா வருது", "வயித்தப் பெசையுது", "நெஞ்சுல என்னமோ அடைக்குது", "யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க." இவை நான் பள்ளிகளில் கேட்டவை. கருவி அளப்பதற்கும் பிள்ளை உணர்வதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளி, அந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்த 19 வயது மாணவருக்கு எந்தப் பேராசிரியரையும்விட நன்றாகத் தெரியும். அந்த அறிவைத்தான் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

டேவன்போர்ட், 1939

மாணவரைக் குழந்தைகள்முன் நிறுத்துவதன் ஆபத்தைச் சொல்லும்போது உளவியல் வரலாறு தவறாமல் காட்டும் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கோளாறு அறிஞர் வெண்டல் ஜான்சன், திக்குவாய் குழந்தையின் நாக்கில் தொடங்குவதில்லை, அதைக் குறை என்று முத்திரை குத்தும் பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்று கருதினார். தாமே திக்குவாயால் வருந்தியவர். அதைச் சோதிக்கத் தம் முதுநிலை மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட் நகரிலிருந்த அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். 22 பிள்ளைகள். சிலரைப் பாராட்ட வேண்டும்; சரளமாகப் பேசிய சிலரிடம் 'உனக்குத் திக்கத் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் வாயைத் திறக்காதே' என்னும் பொருள்படச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 1939இன் முற்பகுதியில் சில மாதங்கள் இது நடந்தது. பிள்ளைகள் பேச்சைக் குறைத்தார்கள், கூச்சப்பட்டார்கள், வகுப்பில் ஒதுங்கினார்கள். ஆய்வேடு நூலகத்துக்குப் போயிற்று. 2001இல் ஒரு செய்தித்தாள் வெளிக்கொணர்ந்த பிறகே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

இந்தக் கதையைக் கொடுமை என்று மட்டும் சொல்லி முடிப்பது எளிது. 2002இல் ஆம்ப்ரோஸும் யாய்ரியும் அந்த ஆய்வேட்டின் தரவை மறுபடி அலசி, எந்தக் குழந்தைக்கும் திக்குவாய் உண்டானதற்கு அதில் சான்றில்லை என்று எழுதினார்கள். அறிவியலாக அது சரியான திருத்தம். ஆனாலும் பிள்ளைகளின் பேச்சு அடங்கிப்போனதை அது மறுக்கவில்லை. எனக்கு அதில் நிற்பது வேறொரு செய்தி. ஆய்வு முடிந்த பிறகும் டியூடர் அந்த இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பிள்ளைகளிடம் 'உங்கள் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லி, செய்ததைத் திருப்பிப் போட முயன்றார். திட்டம் வகுத்தவர் ஜான்சன். பிள்ளைகளின் முகத்தை நேரில் பார்த்தவர் மாணவி. பின்விளைவைச் சுமக்க முயன்றவரும் அவரே. அந்த உழைப்புப் பங்கீடு இன்றும் மாறவில்லை. இன்று நம் மாணவர்கள் யாருக்கும் தீங்கு செய்யும் சோதனைகளைச் செய்வதில்லை. ஆனால் கேள்வியைத் தீர்மானிப்பவர் கல்லூரி அறையில் இருக்க, குழந்தையின் கண்ணை எதிர்கொள்பவர் அனுபவம் குறைந்தவராக இருப்பது அப்படியேதான் தொடர்கிறது.

எதிர்ச்சான்று: நிபுணர் அல்லாதவர்களின் வெற்றி

இதுவரை சொன்னதை வைத்து, நிபுணர் அல்லாதவர் குழந்தையை நெருங்கவே கூடாது என்று முடிவுகட்டினால் அது தவறு. இந்தியாவிலிருந்தே வலுவான எதிர்ச்சான்று இருக்கிறது.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பணியாற்றினார்கள். அவர்களுக்கு 'சேஹர் மித்ரா' என்று பெயர். இன்னொரு பிரிவில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியர்களே செய்தார்கள். மித்ராக்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வுக் குறிகளும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் செய்த பள்ளிகளில் அந்தப் பயன் தெரியவில்லை. புதுடெல்லியில் 6 அரசுப் பள்ளிகளில் நடந்து 2020இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், மனநலத் துறையில் முறையான தகுதி இல்லாத பட்டதாரிகள் நான்கைந்து அமர்வுகளில் பிள்ளைகளுக்குச் சிக்கல் தீர்க்கும் வழியைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமே பெயரிட்டுச் சொன்ன சிக்கல்கள் தணிந்தன. குட்மேனின் வினாநிரலில் மட்டும் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிள்ளையின் சொல்லுக்கும் கருவியின் சொல்லுக்கும் உள்ள இடைவெளியை மேலே சொன்னேன். இந்த முடிவை அதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன் வன்னியில் பள்ளிப் பிள்ளைகள் 420 பேரிடம் எடுத்து, தாமஸ் எல்பர்ட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வகையில் முக்கியமானது. நான்கில் ஒரு பிள்ளைக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நெருக்கடிக் கோளாறு இருப்பதாக அது கண்டது. நேர்காணல் எடுத்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். உளவளத்துணையில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழ் ஆசிரியர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளை உளவியலாளர்கள் மறுபடி சந்தித்து அந்த முடிவுகளைச் சரிபார்த்தார்கள்.

ஆக, வயது தடையில்லை. பட்டம் இல்லாததும் தடையில்லை. நாளந்தா, டெல்லி, வன்னி மூன்றிலும் உள்ள பொது அம்சங்களைத் தேடினால் கண்ணில் படுவது இதுதான்: கேட்டவர்கள் கேட்பதற்கென்றே பயிற்றப்பட்டார்கள், தனியே விடப்படவில்லை, அவர்களுக்குப் பின்னால் ஒருவர் இருந்து தொடர்ந்து மேற்பார்த்தார். மித்ராக்களும் வன்னி ஆசிரியர்களும் அந்த இடத்துக்காரர்கள், மறுநாளும் அங்கே இருந்தார்கள். நம் மாணவரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நாளந்தா மித்ராவுக்குக் கிடைத்த நம்பிக்கை, 'அக்கா' என்ற ஒரு சொல்லால், முதல் ஐந்து நிமிடத்திலேயே அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஈடுகொடுக்க முடியாத நம்பிக்கையை வாங்கிக்கொள்வதுதான் இதில் உள்ள தீங்கு.

கேட்ட பிறகு வரும் கடமை

தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரு வினையே வினவுவதையும் செவிகொடுப்பதையும் குறிக்கிறது. திருக்குறளில் 'கேள்வி' அதிகாரம் பேசுவது செவிகொடுப்பதைப் பற்றியே. நம் ஆய்வுப் பயிற்சியில் முதல் பொருள் மட்டுமே கற்பிக்கப்படுகிறது. சட்டமோ இரண்டாவதையும் நம்மேல் சுமத்துகிறது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012, அதன் 19ஆம் பிரிவில், அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. ஆய்வாளருக்கோ பயிற்சி மாணவருக்கோ விலக்கில்லை. அப்படியிருக்க, மாணவர் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் நான் காணும் ஒப்புதல் படிவங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'நீ சொல்வது முழுக்க இரகசியமாக வைக்கப்படும்' என்ற வரி இருக்கிறது. பெரியவர்களுக்கான படிவத்திலிருந்து நகலெடுத்த வரி அது. சட்டப்படி நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை ஒரு குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

ஒப்புதலே பெரும்பாலும் சரியாக நடப்பதில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்குமேல் எழுத்து மூல இசைவும் வேண்டும். பள்ளி நிர்வாகத்தின் அனுமதி பெற்றோரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. நடப்பதோ தலைமையாசிரியர் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. பெற்றோருக்குத் தாள் அனுப்பினால் பாதிதான் திரும்பி வரும், 'சாம்பிள்' குறையும் என்ற அச்சம். 63ஆம் படிவ ஆய்வில் நானும் அந்த அச்சத்துக்கு இடம் கொடுத்தேன்.

பெயரில்லாமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்பது பிள்ளையைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் உதவி கேட்ட பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்ததும் அதே ஏற்பாடுதான். பெயருக்குப் பதில் எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைப் பூட்டி வைத்து, திறக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்று வைப்பது பழைய முறை. அதற்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். பெயரில்லாப் படிவம் அந்தப் பொறுப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது. ஆய்வாளர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நானும் அந்த மாணவியும் பள்ளிக்குத் திரும்பப் போனோம். கையெழுத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றார் வகுப்பாசிரியர். வேண்டாம் என்றோம், பெயர் கேட்கமாட்டோம் என்று சொன்ன சொல்லை மீறி அதைச் செய்தால், சொல்ல வந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இரண்டு வகுப்புகளிலும் மாணவியே முன்னால் நின்று, "நாளைக்கு வருவீங்களான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. வந்திருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நூலகத்துல இருப்பேன்" என்றார். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் மனநல உதவி எண் 14416ஐயும் பலகையில் எழுதினார். அன்று மாலை நூலகத்துக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். மூவருக்கும் செய்ய வேண்டியது செய்யப்பட்டது.

வரிசையை மாற்றுதல்

அதற்குப் பிறகு என் மாணவர்களின் பயிற்சியை வேறு வரிசையில் அமைத்துவருகிறேன். இளநிலையில் யாரும் தனியாகக் குழந்தைமுன் கருவியோடு உட்காருவதில்லை. அதனால் பயிற்சி சுவையற்றுப் போகும் என்று சக ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். அப்படி ஆகவில்லை.

முதல் மாதம் மொழி வேலை. ஒரு வினாநிரலின் தமிழ் வடிவத்தை, அதை முன்பின் பார்த்திராத இருவர் தனித்தனியே மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். மூலத்திலிருந்து எங்கெங்கே விலகியது என்று எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். 'கவலை'யும் 'பயமும்' எங்கே குழம்புகின்றன என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்து மாணவருக்கு இயல்பான சொல் கோயம்புத்தூர் மாணவருக்கு வேறு பொருள் தரும். பிறகு குறியீட்டு வேலை: அடையாளம் நீக்கிய நேர்காணல் எழுத்துப்படியை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுவது. இருவரும் நல்ல மாணவர்கள், ஒரே பக்கத்தைப் படித்தவர்கள், ஆனாலும் ஒத்துப்போகவில்லை என்று முதன்முறை காணும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆய்வு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் பிடிபடுகிறது. நேர்காணல் பழகுவது மூன்றாம் கட்டம்: கல்லூரியிலேயே ஒருவரையொருவர் நேர்காணல் எடுத்து, ஒலிப்பதிவைக் கேட்டு, எந்த இடத்தில் விடையை வாயில் ஊட்டினோம் என்று குறிப்பது.

குழந்தைகளைச் சந்திப்பது கடைசி. அதுவும் பயிற்சி பெற்ற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பெடுப்பவராக, ஒரே பள்ளிக்கு ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருநாள். 'சாம்பிள்' 20 ஆனாலும் போதும். இதனால் இழப்பும் உண்டு, மறைக்கவில்லை. 20 பேரை வைத்துச் செய்யும் புள்ளியியல் சோதனைகளுக்கு வலு குறைவு. பெரிய எண்ணிக்கையை எதிர்பார்க்கும் தேர்வாளர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் இளநிலை ஆய்வேட்டை எண்ணிக்கையால் அளப்பதை விட்டாலொழிய, ஒரு துறையில் மட்டும் செய்யும் இந்த மாற்றம் நிலைக்காது. ஒரு மொழியாக்கச் சரிபார்ப்பையோ, குறியீட்டு ஒப்புமை ஆய்வையோ முழு ஆய்வேடாக ஏற்க விதி திருத்தப்பட வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் மாணவர்கள் இசைவுப் படிவத்தைப் புதிதாக எழுதினார்கள். 'முழுக்க இரகசியம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'நீ சொல்வதை வேறு யாரிடமும் சொல்லமாட்டோம். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வோம். அதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்' என்று வைத்தார்கள். புரிகிறதா என்று பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் படித்துக் காட்டினோம். ஒரு சிறுமி விரலை வரியின்மேல் வைத்து, "உதவக்கூடிய ஒருவர்னு போட்டிருக்கே, அது யாரு? பேரு போடுங்கக்கா" என்றாள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு பெயரும், அவர் எந்த நாளில் எந்த அறையில் இருப்பார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பள்ளியில் அப்படி எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லையோ, அந்தப் பள்ளிக்கு நாங்கள் போவதில்லை.